மின்னலின் வாரிசு

அமெரிக்கச் சித்திரக்கதைகளில், குருவின் பட்டத்தைச் சீடன் ஏற்ற விருத்தாந்தங்களுள் பிரசித்தமானது பிளாஷ் என்னும் அதிவேக வீரனுடையது. 1959ஆம் ஆண்டில் ஜான் புரூம் எழுத, கார்மைன் இன்ஃபன்டினோ சித்திரம் தீட்ட, ஆசானைப் போலவே மின்னலும் ரசாயனமும் ஒருங்கே தாக்கியதால் அபூர்வ வேகம் வாய்க்கப்பெற்று (ஒரே விபத்து இருமுறை நேர்ந்த தர்க்கத்தை நாம் விசாரிக்கலாகாது!) கிட் பிளாஷாகத் தோன்றிய வாலி வெஸ்ட் என்னும் சிறுவன், 1985இல் ஆசான் பாரி ஆலன் பிரபஞ்ச ரட்சணையின்பொருட்டு உயிர்த்தியாகம் செய்தபின், அவருடைய நாமத்தையும் செந்நிற உடையையும் தானே தரித்தான். ஆயினும் 1987இல் தொடங்கிய புதிய இதழ்களில், அவன் ஒலியின் வேகத்தை ஒட்டியே ஓட வல்லவனாகவும், ஓடியபின் அகோரப் பசியால் வருந்துபவனாகவுமே சித்திரிக்கப்பட்டான். பூரண வேகம் அவனுக்குச் சித்தித்தது, 1993இல் மார்க் வெய்ட் எழுதிய கதையில்தான். 2008இல் பாரி ஆலனே மீண்டு வந்துவிட்டார்.