புதுப்பனியில் கூட்டமாகச் சறுக்கினால் பாதுகாப்பா, ஆபத்தா? குல்மார்க் 'பவுடர்' மோகமும் தெரிந்துகொள்ள வேண்டியவையும்

2024 பிப்ரவரி 22. காஷ்மீரின் குல்மார்க்கில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. அதே நாளில், ஊருக்கு மேலே உள்ள மலையில் பனிச்சறுக்குக்குப் போன வெளிநாட்டுக் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கியது. ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் மீட்கப்பட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட் மலையில் பனி சரிந்து, போலந்து நாட்டைச் சேர்ந்த இருவர் இறந்தார்கள். அங்கே சிக்கிய மற்ற சறுக்கு வீரர்களையும் உள்ளூர் வழிகாட்டிகளையும் மீட்புக் குழுவினர் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இரண்டு சம்பவங்களிலும் யாரும் தனியாகப் போய் மாட்டிக்கொள்ளவில்லை. குழுவாகத்தான் போனார்கள். 'கூட்டமா போனா பயம் இல்ல' என்று நாம் சொல்வது வழக்கம். பனிமலையில் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்ன என்பதைப் பார்ப்போம்.

அது என்ன 'பவுடர்'?

புதிதாக விழுந்த, ஈரமில்லாத, யாரும் மிதிக்காத பனிக்குப் பனிச்சறுக்குக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்தான் பவுடர். கையில் எடுத்து ஊதினால் பறந்துவிடும். பார்க்கக் கனமான போர்வை மாதிரித் தெரிந்தாலும் அதில் 90 சதவீதத்துக்கும் மேல் காற்றுதான். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. அதே அளவு புதுப்பனியின் எடை பெரும்பாலும் 50 முதல் 100 கிலோ வரைதான்.

சாதாரண ரிசார்ட் பாதைகளில் இயந்திரம் ஓட்டிப் பனியை அழுத்திச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். அங்கே ஸ்கீ பலகையின் விளிம்பு பனியைப் பிடித்துக்கொள்ளும். பவுடரில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. படகு தண்ணீரில் மிதப்பது போல, பலகை பனிக்குள் மிதந்துகொண்டே போக வேண்டும். அதனால்தான் பவுடர் பலகைகள் அகலமாக இருக்கும். இரண்டு கால்களிலும் எடையைச் சமமாக வைத்து, அவசரப்படாமல் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். கீழே விழுந்தால் அடி அவ்வளவாகப் படாது. ஆனால் கழன்ற பலகை பனிக்குள் எங்கே போனது என்று தேடியே அரை மணி நேரம் ஓடிவிடும்.

ஒருமுறை அனுபவித்தவர்கள் இதை விடவே மாட்டார்கள். கால் தரையில் படாத உணர்வு, முகத்தில் தெறிக்கும் பனித்தூள், சத்தமே இல்லாத மலை. ஒரே ஒரு சிக்கல்: முதலில் போகிறவருக்குத்தான் புதுப்பனி. பின்னால் வருகிறவருக்குக் கிடைப்பது அடுத்தவர் போட்ட தடம். இந்த அவசரம்தான் பல விபத்துகளின் தொடக்கம்.

குல்மார்க்கை ஏன் தேடி வருகிறார்கள்?

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரில் இருக்கிறது குல்மார்க். 'பூக்களின் புல்வெளி' என்று பொருள். பிரிட்டிஷ் அதிகாரிகள் 1927-லேயே இங்கே இந்திய ஸ்கீ சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் உலக வரைபடத்தில் இந்த ஊரைக் கொண்டுபோய் வைத்தது கொண்டோலா எனப்படும் கேபிள் கார்.

இதன் முதல் கட்டம் 1998-ல் ஓடத் தொடங்கியது. சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் குல்மார்க்கிலிருந்து கொங்தூரி வரை அது போகும். 2005-ல் வந்த இரண்டாவது கட்டம், அங்கிருந்து அஃபர்வாட் மலைமுகட்டின் அருகே சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். வேறு மலைகளில் பல மணி நேரம் நடந்தோ ஹெலிகாப்டரிலோ போய்ச் சேர வேண்டிய உயரம் இது. இங்கே ஒரு டிக்கெட் போதும்.

பனியைக் கொண்டுவருவது 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் வானிலை அமைப்புகள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் இவை, பீர் பஞ்சாலில் மோதிக் கொட்டித் தீர்க்கும். டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரையிலான 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் 'சில்லாய் கலான்' என்பார்கள். வழக்கமாக அந்தக் காலத்தில்தான் பனி குவியும்.

இப்போது அந்த வழக்கம் தடுமாறுகிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பு நிறத்தில் காய்ந்து கிடந்த படங்கள் நாடெங்கும் பரவின. 2025-ல் போதிய பனி இல்லாததால் கேலோ இந்தியா போட்டிகளையே மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. வராமல் வராமல் பனி வரும்போது, காத்திருந்தவர்களுக்குப் பொறுமை இருக்குமா? 'இன்னைக்கு விட்டா இனி கிடைக்காது' என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

கொண்டோலாவை ஒட்டிய பள்ளத்தாக்குப் பகுதியை ஸ்கீ ரோந்துக் குழு கண்காணிக்கிறது. ஆபத்தான பனிச் சேர்க்கை இருந்தால் அதை முன்கூட்டியே சரித்துவிடுவது, பாதையை மூடுவது எல்லாம் அவர்கள் வேலை. அந்த எல்லையைத் தாண்டினால் 'பேக்கன்ட்ரி'. அங்கே யாரும் எதையும் சரிபார்த்து வைத்திருக்க மாட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு பக்கத்துக்கும் ஏறுவதற்கு அதே கேபிள் கார்தான். ஒரே வரிசையில் நின்று, ஒரே பெட்டியில் ஏறி இறங்குகிறவர்களில் ஒருவர் இடது பக்கம் திரும்புவார், இன்னொருவர் வலது பக்கம் திரும்புவார். சில நூறு மீட்டர் தூரத்தில் 'ரிசார்ட்' முடிந்து 'மலை' ஆரம்பித்துவிடும். கால்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பனி ஏன் சரிகிறது?

பெரும்பாலான உயிர்ப்பலிகளுக்குக் காரணம் 'பாளப் பனிச்சரிவு'. மழையில்லாத கடுங்குளிர் நாட்களில், பழைய பனியின் மேற்பரப்பு ஒட்டாத குருணையாக மாறும். ரவையைக் கொட்டி வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்றடித்து இறுகினால் ஒரு பாளம் உருவாகும். ரவை மேல் வைத்த கண்ணாடித் தகடு போல அது நிற்கும். ஒரு ஆளின் எடை சரியான இடத்தில் விழுந்தால் போதும். அடியில் இருக்கும் குருணை நொறுங்கி, மொத்தப் பாளமும் விரிசல் விட்டுக் கிளம்பிவிடும்.

30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமன் உள்ள ஒரு பாளத்தை எடுத்துக்கொள்வோம். மலையில் அது ஒரு சின்னத் துண்டு. கன மீட்டருக்கு 100 கிலோ என்று குறைத்து வைத்தாலும் கணக்கு 45 டன் வருகிறது.

இவை அதிகம் கிளம்புவது 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலைச்சரிவுகளில். அதைவிடச் சாய்வு குறைந்தால் பனி நிற்கும். ரொம்பச் செங்குத்தாக இருந்தால் சேரும்போதே உதிர்ந்துவிடும். பவுடர் சறுக்குக்குச் சுவையான சாய்வும் இதே 30 டிகிரிக்கு மேல்தான் என்பதுதான் வில்லங்கம்.

இன்னொரு முக்கியமான விஷயம். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் 10-ல் 9 பேர் விஷயத்தில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான். எங்கோ இருந்து தானாக வந்து அடிக்கும் இயற்கைச் சீற்றம் என்று இதைச் சொல்லிவிட முடியாது.

கூட்டம் எப்படி ஆபத்தாகிறது?

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. 2012 பிப்ரவரி 19 அன்று, ஸ்டீவன்ஸ் பாஸ் ரிசார்ட்டில் நல்ல புதுப்பனி விழுந்திருந்தது. எல்லைக்கு வெளியே இருக்கும் டன்னல் கிரீக் பகுதிக்கு ஒரு டஜனுக்கும் மேற்பட்டோர் ஒன்றாகக் கிளம்பினார்கள். பலர் அந்தத் துறையிலேயே பெயர் பெற்றவர்கள். பனிச்சரிவு எச்சரிக்கை இருந்ததும் அவர்களுக்குத் தெரியும். பனி சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். ஏர்பேக்கை இழுத்துவிட்ட ஒரு தொழில்முறை வீராங்கனை பிழைத்தார்.

நியூயார்க் டைம்ஸ் இதழில் ஜான் பிரான்ச் எழுதிய 'ஸ்னோ ஃபால்' இந்த விபத்தைப் பற்றியதுதான். 2013-ல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பிழைத்தவர்கள் பலர் அதில் சொன்ன ஒரு விஷயம் உறைக்கும்: 'இவ்வளவு பெரிய கூட்டமா?' என்று மனதுக்குள் தோன்றியிருக்கிறது. ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை. இத்தனை அனுபவசாலிகள் இருக்கும்போது நாம் என்ன சொல்வது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

இயன் மெக்கமன் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்தார். பயிற்சி பெற்றவர்களும் கண்ணெதிரே இருக்கும் அறிகுறிகளை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. மனம் விழும் பொறிகளாக அவர் சுட்டியவற்றை நம் பேச்சு வழக்கில் சொன்னால் இப்படி இருக்கும்:

* 'இந்த இடம் எனக்கு அத்துப்படி.' பழகிய மலை தரும் தெம்பு.
* 'நான் மட்டும் வரலைன்னா என்ன நினைப்பாங்க?' குழுவில் மதிப்பைக் காப்பாற்றும் ஆசை.
* 'இவ்ளோ தூரம் வந்துட்டோம், திரும்பவா?' எடுத்த முடிவை மாற்றத் தயக்கம்.
* 'அவருக்குத் தெரியாததா?' ஒருவரை நிபுணராக நம்பி மூளையை ஓரமாக வைப்பது.
* 'அவங்க முந்திட்டா பவுடர் போச்சு.' கிடைக்காமல் போய்விடும் என்ற பதற்றம்.
* 'அதான் அங்க ஆளுங்க போறாங்களே!' மற்றவர்கள் இருப்பதே பாதுகாப்பு என்ற நினைப்பு.

இந்த ஆறில் ஒன்றாவது பனியைப் பற்றிப் பேசுகிறதா? எல்லாமே மனிதர்களைப் பற்றியவை.

அப்படியானால் தனியாகப் போகலாமா?

கூடவே கூடாது. பனிக்குள் புதைந்தவரைக் காப்பாற்றக்கூடியவர்கள் கூட வந்தவர்கள் மட்டும்தான். முழுதாகப் புதைந்தவர்களில், முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் 10-ல் 9 பேர் பிழைக்கிறார்கள் என்கின்றன ஆய்வுகள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் அந்த வாய்ப்பு மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. பெரும்பாலானோர் இறப்பது மூச்சுத் திணறலால். கீழே தகவல் போய், மீட்புப் படை கிளம்பி வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும்.

அதனால்தான் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருட்கள் இருக்க வேண்டும் என்பது விதி. முதலாவது பீக்கன். உடலில் கட்டிக்கொள்ளும் இந்தக் கருவி 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடித்துக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடல் நிலைக்கு மாற்றி, புதைந்த இடத்தை நெருங்கலாம். இரண்டாவது, மடித்து வைக்கக்கூடிய நீளமான 'புரோப்' கம்பி. குத்திப் பார்த்து ஆழத்தை உறுதிசெய்ய அது. மூன்றாவது மண்வெட்டி. ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்கவே ஒரு டன்னுக்கும் மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும். சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும் என்பதால் வெறுங்கையால் தோண்ட முடியாது.

மரங்களுக்கு நடுவிலும் கவனம் தேவை. தேவதாரு வகை மரங்களின் கிளைகளுக்குக் கீழே, அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் குழி இருக்கும். தலைகீழாக அதில் விழுந்தால் தானாக வெளியே வருவது மிகக் கடினம். கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு துணை இருந்தால்தான் தப்பிக்கலாம்.

நல்ல குழு எப்படி இறங்கும்?

எண்ணிக்கை குறைவாக இருக்கும். எல்லோரும் பேசிக்கொள்ளும் அளவுக்கு, அதாவது மூன்று முதல் ஐந்து பேர். கிளம்பும் முன் எல்லோருடைய பீக்கனும் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். ஆபத்தான சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இறங்குவார். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பனி சரிந்தாலும் ஒருவர்தான் சிக்குவார், தேடுவதற்கு ஆட்கள் மிச்சம் இருப்பார்கள். கணக்கு அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் 'வேண்டாம்' என்றால் மொத்தக் குழுவும் திரும்பிவிடும். அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேலி செய்யவும் கூடாது. கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்த விதியைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். செலவழித்த பணம், எடுத்த லீவு, நண்பர்களின் முகம் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு எதிராக நிற்கும்.

குல்மார்க் போகத் திட்டமா?

முதல்முறை போகிறவர்களுக்கு ஊரின் சமவெளியிலேயே தொடக்கநிலைச் சரிவுகள் இருக்கின்றன. சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் அங்கே பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது. அங்கே விழுந்து எழுந்து பழகுங்கள். இரண்டாவது கட்டக் கொண்டோலாவில் ஏறி வேடிக்கை பார்க்கலாம், சறுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நன்றாகச் சறுக்கத் தெரிந்து, எல்லைக்கு வெளியே போகத் திட்டமிடுகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. டிஆர்டிஓவின் கீழ் உள்ள பாதுகாப்பு புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் மலைப்பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அதையும் ரோந்துக் குழுவின் அறிவிப்பையும் காலையிலேயே பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை 'நடுத்தரம்' என்றிருந்தால் நிம்மதி அடையவும் வேண்டாம். ஐந்து நிலை அளவுகோலைப் பயன்படுத்தும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதிக உயிரிழப்பு நடப்பது மூன்றாவது நிலையில்தான். நான்கு, ஐந்து என்றால் ஜனங்கள் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால் 'பார்த்துக்கலாம்' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

வழிகாட்டியை அமர்த்தும்போது கூலி எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். அதோடு, 'கடைசியா எப்போ ஒரு குழுவைப் பாதியிலேயே திருப்பிக் கூட்டிட்டு வந்தீங்க?' என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரோடு போங்கள்.