தோற்ற ஆட்டமும் கணக்குச் சொல்லும்!

ஆட்டத்தில் தோற்றவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள் இரண்டு. "எதிராளிக்கு அதிர்ஷ்டம்" என்பது ஒன்று. "என் கை வேகம் போதவில்லை" என்பது மற்றொன்று. "ஸ்டார்கிராஃப்ட்" என்னும் கம்ப்யூட்டர் போர் ஆட்டத்தில் இந்தச் சமாதானங்கள் செல்லுபடியாவதில்லை. ஆட்டம் முடிந்ததும் வரவு செலவுக் கணக்குத் திரையில் வந்து நிற்கிறது!

அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 1998-ல் இந்த ஆட்டத்தை வெளியிட்டது. தென் கொரியாவில் இது பெரும் மோகமாகப் பரவியது. போட்டிகள் டெலிவிஷனில் ஒளிபரப்பாயின. சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் உருவானார்கள். 2010-ல் இதன் இரண்டாம் பாகம் வந்தது.

சும்மா கிடக்கும் பணம்

ஆட்டத்தின் அடிப்படை எளியது. தொழிலாளர்கள் கனிமம் வெட்டிச் சேர்ப்பார்கள். அதைச் செலவழித்துக் கட்டடம் கட்டிப் படை திரட்ட வேண்டும். குடும்பத்தில் மிச்சம் பிடிப்பவர் கெட்டிக்காரர். இங்கோ நேர் எதிர்! கையில் தேங்கிய கனிமம் என்பது, களத்துக்கு வராத சிப்பாய்.

2011-ல் ஆட்டக்காரர் ஒருவர் பல ஆட்டங்களின் புள்ளிவிவரங்களைத் திரட்டி ஒரு சூத்திரம் வகுத்தார். வருமானத்தையும், செலவாகாமல் சராசரியாகக் கிடந்த தொகையையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருவது அது. வருமானம் கூடினால் மிச்சமும் கூடுவது இயல்பு. ஆகவே மிச்சத்தை மட்டும் தனியே பார்ப்பது நியாயமல்ல என்பதே அதன் அடிப்படை.

இடமில்லாத படை

இன்னொரு கணக்கும் உண்டு. மனிதப் படையை நடத்துபவர் 100 கனிமத்தில் ஒரு கிடங்கு கட்டினால், 8 சாதாரணச் சிப்பாய்களுக்கு இடம் கிடைக்கும். கட்டி முடிக்க 21 விநாடி. சண்டை மும்முரத்தில் இதை மறந்தால், பணம் இருந்தும் படை வளராது. இப்படி முடங்கிய நேரத்தையும் கணக்குத் திரை காட்டிவிடுகிறது. கடைசிச் சண்டையில் தோற்றதாக நினைப்பவர், உண்மையில் அதற்கு வெகு முன்பே தோற்றிருப்பார்!

வேகம் மட்டும் போதுமா?

நிமிடத்துக்கு எத்தனை கட்டளைகள் என்ற எண்ணைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். தேவையில்லாமல் பொத்தானைத் தட்டினாலும் அந்த எண் ஏறும், படை ஏறாது.

கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், 16 முதல் 44 வயது வரையுள்ள 3,305 ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். பார்த்தவுடன் செயல்படும் வேகம் 24 வயதிலிருந்தே குறையத் தொடங்குகிறதாம். ஆனால் வயதில் மூத்தவர்கள் எளிய உத்திகளையும், சிக்கனமான இயக்கத்தையும் கொண்டு அதை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள் என்றும் தெரியவந்தது. முப்பதைத் தாண்டியவர்களுக்கு இது ஆறுதலான செய்தி!

கணக்கை எப்படிப் பார்ப்பது?

எல்லா எண்களையும் ஒரே நாளில் திருத்த முயல்வது வீண். பத்து ஆட்டங்களுக்கு ஒரே ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால், குறை எங்கே என்பது தெளிவாகும். ஓர் ஆட்டத்தின் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. படை அதன் உச்ச வரம்பான 200-ஐ எட்டிவிட்டால், கெட்டிக்காரர் கையிலும் பணம் தேங்கத்தான் செய்யும்.

குறை எங்கே என்பதை எண் காட்டும். ஏன் என்பதைக் காட்டாது. அதற்கு, பதிவான ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். தோற்ற ஆட்டத்தைப் பொறுமையாகப் பார்க்கும் மனம் வாய்த்தவருக்கு, அடுத்த ஆட்டத்தில் பாதி வேலை முடிந்தது!