உங்களுக்குத் தெரியுமா? வைத்தியரிடமிருந்து பெற்றோர் கைக்கு

பருவ வயதுப் பிள்ளைகள் உணவை மறுத்துச் சரீரத்தை உருக்கிக்கொள்ளும் ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்னும் மனநோய்க்கு இன்று முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் மனச் சிகிச்சையில், பிள்ளையை உண்ணவைக்கும் பொறுப்பு, ஆரம்பத்தில் முழுவதும் பெற்றோரிடமே ஒப்படைக்கப்படுகிறது!

• 19-ஆம் நூற்றாண்டில் இந்நோய்க்குப் பெயரிட்ட லண்டன் வைத்தியர் வில்லியம் கல், உற்றாரே மிக மோசமான பணிவிடைக்காரர் என்று கருதியவர்.

• அக்கொள்கையைத் தலைகீழாக்கியது, அதே லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனை. 19 வயதுக்கு முன்பே நோய் தொடங்கி, 3 ஆண்டுகளைக் கடவாதிருந்தவர்களுக்குத் தனிச் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சையே அதிகப் பலன் அளித்ததென்று 1987-இல் அங்கே கண்டார்கள். வயதில் மூத்தோரிடம் அந்த அனுகூலம் காணப்படவில்லை.

• யார் குற்றம் என்ற விசாரணைக்கு இக்குடும்பச் சிகிச்சையில் இடமில்லை. எடை ஏறிய பின், உணவுப் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடமே திரும்பும்.

• டெல்லி எய்ம்ஸ் வைத்தியர்கள் 1995-இல் விவரித்த, உணவை மறுத்த 5 இளம்பெண்களிடம், மேனாட்டு நூல்கள் பிரதான லட்சணமாகக் கூறும் உடல் தோற்றம் பற்றிய திரிந்த எண்ணம் காணப்படவில்லை. ஆகவே, நம்மூர் வீடொன்றில் ஒரு பெண், விரதமென்றோ வயிற்றுச் சங்கடமென்றோ சொல்லித் தட்டை ஒதுக்கி மெலிந்துகொண்டே போக, மாதவிலக்கும் நின்றுவிடுமாயின், ‘அவள் அழகுக்காகப் பட்டினி கிடப்பவள் அல்லளே’ என்று வாளாவிருத்தல் தகாது.