துருவைப் பார்த்து வாங்கு... பிரேக்கில் தொடங்கு!

அமெரிக்காவின் பழைய பிக்கப் டிரக்குகளைத் தேடிப் பிடித்துச் சீரமைக்கும் ஆர்வலர்களின் உலகம்

வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டனை அமெரிக்காவின் முதல் பணக்காரர் என்று ஃபோர்ப்ஸ் இதழ் 1985-ல் அறிவித்தது. அப்போது அவர் ஓட்டிக்கொண்டிருந்தது 1979-ம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப். வேட்டை நாய்களையும் ஏற்றிக்கொண்டு அதில்தான் சுற்றினார். 1992-ல் அவர் இறந்த பிறகு, ஆர்கன்சாஸ் மாநிலம் பென்டன்வில்லில் உள்ள வால்மார்ட் அருங்காட்சியகத்தில் அந்த வண்டியைக் காட்சிக்கு வைத்தார்கள்.

எந்தக் காரையும் வாங்கியிருக்கக்கூடிய மனிதர் பிக்கப்பை விடாமல் வைத்திருந்தது அமெரிக்கர்களுக்குப் புதிராகத் தெரியவில்லை. நம்மூரில் குட்டியானை செய்கிற வேலையை அங்கே பிக்கப்தான் செய்தது. வாரம் முழுக்க வைக்கோலும் விறகும் சிமென்ட்டும் சுமந்த வண்டியை ஞாயிறன்று கழுவித் துடைத்து, குடும்பத்தோடு சர்ச்சுக்கும் ஓட்டிப் போனார்கள்.

அப்படி உழைத்துத் தேய்ந்த வண்டிகளைத்தான் இன்று ஆர்வலர்கள் தேடுகிறார்கள். பண்ணைக் கொட்டகையிலும் வயலோரத்திலும் கிடக்கும் ஐம்பது, அறுபது வயது பிக்கப்பை வாங்கி, வீட்டு கராஜில் நிறுத்தி, விடுமுறை நாட்களில் தாங்களே ஸ்பேனர் பிடிக்கிறார்கள். இவர்களில் யார் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவருகிறார், யார் பாதியில் தார்ப்பாய் போட்டு மூடுகிறார் என்பதைப் பெரும்பாலும் இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வாங்கும்போது எதைப் பார்த்தார், வாங்கிய பின் முதலில் எதில் கை வைத்தார்.

281 டாலரில் தொடங்கிய கதை

1925 ஏப்ரல் 15 அன்று, மாடல் டி காரின் பின்பக்கம் இரும்புத் தொட்டி பொருத்திய வண்டி ஒன்றை ஃபோர்டு 281 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. தொழிற்சாலையிலேயே முழுதாகத் தயாராகி வந்த ஃபோர்டின் முதல் பிக்கப் அதுதான். அதற்கு முன் காரை வாங்கி, ஆள் வைத்துத் தொட்டி கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போட்டி சூடு பிடித்தது. செவர்லே 1947-ல் ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையைக் கொண்டுவந்தது. 1948-ல் ஃபோர்டின் எஃப் வரிசை பிறந்தது. 1953-ல் எஃப்-100 என்ற பெயர் வந்தது. 1955-ல் செவர்லே பிக்கப்புக்குள் வி-8 என்ஜின் நுழைந்தது. அதே ஆண்டு வந்த ‘கேமியோ கேரியர்’, பிக்கப்பையும் காரைப்போல அழகாகச் செய்யலாம் என்று காட்டியது.

இதற்கிடையே ஒரு கோழிச் சண்டையும் நடந்தது. அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பிய நாடுகள் வரியை ஏற்ற, பதிலடியாக இறக்குமதி ஆகும் சிறிய டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்து 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் ஆணையிட்டார். ‘சிக்கன் டாக்ஸ்’ என்றே அதற்குப் பெயர். கோழித் தகராறு ஓய்ந்தும் வரி ஓயவில்லை. வெளிநாட்டு பிக்கப்புகள் தயங்கி நிற்க, ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் ஆகியவை சந்தையைத் தம் கையில் வைத்துக்கொண்டன. ஒரே மாதிரி வண்டிகள் ஆண்டுக்கணக்கில் பெருமளவில் தயாராகி ஓடின. இன்று அறுபது வயது வண்டிக்கும் உதிரி பாகம் தேடி அலைய வேண்டியதில்லை என்றால், அதற்கு இந்த எண்ணிக்கையே முக்கியக் காரணம்.

ஏன் சி-10?

முதன்முறை இறங்குபவர்களுக்கு அனுபவசாலிகள் அடிக்கடி சிபாரிசு செய்வது 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10. ‘சி’ என்றால் பின்சக்கர இயக்கம். நான்கு சக்கர இயக்கம் என்றால் ‘கே’. 10 என்பது அரை டன் வகை. மற்ற பிக்கப்புகள் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கோடு குலுங்கிக்கொண்டிருந்த காலத்தில், சி-10-க்குப் பின்பக்கமும் காயில் ஸ்பிரிங் கொடுத்தார்கள். அதனால் ஓட்டும்போது காரின் சுகம் தெரியும். 1971-ல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. ஆகவே தினமும் ஓட்ட நினைப்பவர்கள் 1971, 72 மாடல்களைக் குறிவைக்கிறார்கள்.

பானெட்டைத் திறந்தால் இந்த வண்டியின் அருமை புரியும். ஆறு சிலிண்டர் என்ஜின் உள்ள வண்டியில், என்ஜினுக்கு இருபுறமும் கை தாராளமாகப் போய்வரும். கணினி கிடையாது, சென்சார் கிடையாது. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பாயின்ட், பிளக் இவற்றின் சூட்சுமம் தெரிந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். கண்ணால் பார்த்து, காதால் கேட்டுக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்.

பாகங்களுக்கும் பஞ்சமில்லை. கான்சாஸ் மாநிலம் லெனெக்ஸாவில் உள்ள எல்எம்சி டிரக் போன்ற நிறுவனங்கள் கதவு ரப்பர் முதல் ஃபெண்டர், தொட்டிப் பலகை வரை புதிதாகச் செய்தவற்றைத் தடித்த கேட்லாக் போட்டு விற்கின்றன.

விலையில் ஒரு வினோதம் உண்டு. எட்டடித் தொட்டி உள்ள வண்டியைவிட ஆறரை அடித் தொட்டி உள்ள வண்டிக்கு விலை அதிகம். வேலைக்காக வாங்கியவர்கள் நீளத்தைத்தான் விரும்பினார்கள். அழகுக்காக வாங்குகிற இன்றைய ஆர்வலர்களுக்குக் குட்டைதான் பிடிக்கிறது. இந்த விலை வித்தியாசத்துக்காக நீள சேஸிஸை வெட்டி ஒட்டிக் குட்டையாக்குபவர்களும் உண்டு. முன், பின் அச்சுகளுக்கு இடையே குட்டைக்கு 115 அங்குலம், நீளத்துக்கு 127 அங்குலம். டேப் வைத்து அளந்தாலும் போதாது, கீழே படுத்து வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். நன்றாக வெட்டி ஒட்டிய வண்டி ஓடும். ஆனால் அதற்கு அசல் குட்டையின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

என்ஜினை விடு, தகரத்தைப் பார்

வாங்கப் போகிறவர் பொதுவாக என்ன செய்கிறார்? என்ஜினை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்கிறார், பளபளக்கும் பெயின்ட்டில் மயங்கி முன்பணம் கொடுத்துவிடுகிறார். இரண்டுமே ஏமாற்றக்கூடியவை. செவர்லே என்ஜின் செத்திருந்தால் வேறு கிடைக்கும், இருப்பதையும் பிரித்து ரீபோர் செய்யலாம். செலவை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். துரு அப்படியல்ல. வெளியே உள்ளங்கை அளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே முழங்கை அளவு ஓட்டை இருக்கும். அதை வெட்டி, புதுத் தகரம் வைத்து, வெல்டு அடித்து, கதவு சரியாகச் சாத்துமாறு நேராக்குவதற்குள் பையும் பொறுமையும் காலியாகிவிடும்.

சி-10-ல் துரு எங்கே பதுங்கும் என்பது எல்லோரும் அறிந்த ரகசியம். கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகள், கதவுக்கு அடியில் ஓடும் ராக்கர் பேனல், ஓட்டுநர் காலடித் தரை, விண்ட்ஷீல்டுக்குக் கீழே உள்ள பகுதி, கேபின் சேஸிஸில் உட்காரும் இடங்கள். கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். துணி சுற்றிய காந்தத்தை மூலைகளில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இருப்பது தகரமல்ல, பட்டி.

வண்டி வாழ்ந்த ஊரும் முக்கியம். மிச்சிகன், ஒஹாயோ போன்ற வட மாநிலங்களில் பனிக்காலச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு அடிப்பாகத்தை அரித்துவிடும். அரிசோனா, நியூ மெக்சிகோ வண்டிகளில் வெயில் பட்டு டேஷ்போர்டு வெடித்திருக்கும், சீட் கிழிந்திருக்கும், ரப்பர் எல்லாம் பொடிந்திருக்கும். ஆனால் தகரம் உயிரோடு இருக்கும். சீட்டும் ரப்பரும் கேட்லாக்கில் கிடைப்பதால், வெயில் தின்ற வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம்.

காகிதத்தையும் மறக்கக் கூடாது. ‘டைட்டில்’ எனப்படும் உரிமைப் பத்திரம் விற்பவர் பெயரில் இருக்க வேண்டும். அதில் உள்ள எண் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள தகட்டோடு ஒத்துப்போக வேண்டும். அந்த எண்ணே ஜாதகமும் சொல்லும்: இரண்டாம் எழுத்து ‘எஸ்’ என்றால் தொழிற்சாலையிலிருந்து ஆறு சிலிண்டரோடு வந்தது, ‘இ’ என்றால் வி-8. குளோவ் பாக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டிய தாள் கிழியாமல் இருந்தால், கூடுதலாக என்னென்ன பொருத்தி அனுப்பினார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

வண்டி வீட்டுக்கு வந்ததும் பெயின்ட் கடைக்கு ஓடுபவர்கள்தான் அதிகம். சரியான வரிசை அதற்கு நேர் எதிரானது. முதல் வேலை பிரேக். 1967-க்கு முந்தைய பிக்கப்புகள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அவற்றை இரட்டை அறைக்கு மாற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது. ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் கையோடு மாற்றிவிடலாம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

அடுத்தது டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதாகியிருக்கும். பக்கவாட்டில் அச்சிட்ட டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பிறகு ஸ்டீயரிங் ஆட்டம், பால் ஜாயின்ட், மின் வயர்கள்.

பெட்ரோல் டேங்க் இந்த வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் பெட்ரோலோடு உட்கார விரும்பாத பலர் அதைக் கழற்றி, தொட்டிக்கு அடியில் புது டேங்க் பொருத்திக்கொள்கிறார்கள். மாற்றாவிட்டாலும் ஹோஸ்களையாவது மாற்ற வேண்டும். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் பழைய ரப்பரைக் கரைத்துவிடும்.

இவ்வளவும் முடிந்தால் வண்டியை ஓட்டலாம். ஓட்டிக்கொண்டே சீரமைப்பதுதான் இதில் சூட்சுமம். கடைக்குப் போய்வரும் வண்டி மேலும் செலவழிக்க ஆசையைத் தூண்டும். ஆணிவேர் வரை பிரித்து அட்டைப்பெட்டிகளில் போட்ட வண்டி அந்த ஆசையைக் கொன்றுவிடும். விற்பனைக்கு வரும் ‘பாதி முடிந்த’ வண்டிகளை விசாரித்தால், நிறைய வண்டிகள் அப்படிப் பிரித்ததோடு நின்றவையாக இருக்கும்.

அசலா, புதுசா, அழுக்கா?

கடைசியில் வருவது ரசனைச் சண்டை. தொழிற்சாலையிலிருந்து வந்தது போலவே போல்ட் முதற்கொண்டு அசலாக வைப்பவர்கள் ஒரு கட்சி. வெளித்தோற்றம் பழசு, உள்ளே எல்லாம் புதுசு என்பது ‘ரெஸ்டோமாட்’ கட்சி. 1997-ல் கார்வெட் காரில் அறிமுகமான எல்எஸ் வகை என்ஜினைப் பழைய பிக்கப்பில் இறக்கி, ஏசியும் போட்டுவிடுவார்கள். வெளுத்த பெயின்ட்டையும் கதவில் மங்கிய பண்ணைப் பெயரையும் அப்படியே விட்டு, எந்திரத்தை மட்டும் சரிசெய்வது ‘பேட்டினா’ கட்சி. நான்காவது கட்சிக்கு ஃபோர்டே கொடி பிடித்தது: 2021-ல் ஒரு 1978 எஃப்-100-க்குள் மஸ்டாங் மாக்-இ காரின் இரண்டு மின்மோட்டார்களைப் பொருத்தி, 480 குதிரைத்திறனோடு காட்சிக்கு வைத்தது.

முதல் வண்டி வாங்குபவருக்குப் பேட்டினா வழியே லாபம். பெயின்ட்தான் பெரிய செலவு, அது மிச்சமாகும். கீறல் விழுந்துவிடுமோ என்று பயப்படாமல் தொட்டியில் மண்ணும் கல்லும் ஏற்றலாம். அசல் பெயின்ட் ஒரு தடவைதான் கிடைக்கும். சுரண்டிவிட்டால் போனது போனதுதான். புதுப் பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

சீரமைத்து விற்றுப் பணம் பார்க்கலாம் என்ற கணக்கோடு இதில் இறங்காதீர்கள். போட்ட காசு பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. ஓட்டவும் சுமக்கவும் கற்றுக்கொள்ளவும் ஆசை இருந்தால், துரு இல்லாத, ஓடும் நிலையில் உள்ள, பத்திரம் சரியாக இருக்கிற வண்டியைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் துருப்பிடித்த பிக்கப்தான் இந்த உலகத்தில் மிக விலை உயர்ந்த வண்டி.