ரேடியேஷன் கூட எந்த கீமோ?

வாய், தொண்டை, குரல்வளை கேன்சருக்கு ரேடியேஷன் கொடுக்கும்போது கூடவே கீமோ எதுக்குன்னு பல வீடுகள்ல கேட்பாங்க. ரேடியேஷன் கேன்சர் செல்லோட டிஎன்ஏவை உடைக்கும். செல் அதை ரிப்பேர் செய்யப் பார்க்கும். சிஸ்பிளாட்டின் டிஎன்ஏ இழைகளை ஒட்ட வைத்து அந்த ரிப்பேரைக் கெடுக்கும். இங்கே கீமோவுக்கு முக்கியமா உதவியாள் வேலைதான்.

இதனால 5 வருஷத்துல 100 பேருக்கு 6 அல்லது 7 பேர் கூடுதலா உயிரோட இருக்காங்க. கம்மியா தெரியலாம், ஆனா அந்த ஆறு பேர்ல நம்ம சித்தப்பா இருந்தா? 70 வயசுக்கு மேல இந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துவிடும்.

வழக்கமான ரேடியேஷன் 70 கிரே, 35 சிட்டிங், 7 வாரம். அதோட சிஸ்பிளாட்டின் சதுர மீட்டர் உடல்பரப்புக்கு 100 மில்லிகிராம், 3 வாரத்துக்கு ஒருமுறை. கிட்னி, நரம்பு, காது மூன்றையும் இது பதம் பார்க்கும். வாரா வாரம் கொஞ்சமா கொடுத்தா என்ன? மும்பை டாடா மெமோரியல் 300 பேரிடம் சோதித்து 2018-ல் வெளியிட்டது. வாரம் 30 மில்லிகிராம் வாங்கினவங்கள்ல 58.5 சதவீதம் பேருக்குத்தான் 2 வருஷத்துக்கு நோய் அதே இடத்துல கட்டுக்குள் இருந்தது. 100 வாங்கினவங்கள்ல 73.1. ஆனா டோஸை 40 ஆக்கி, ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கொடுத்த ஜப்பான் சோதனையில் (2022) வாராந்திர முறை பின்தங்கவில்லை, பக்கவிளைவும் குறைவு. வாரா வாரம் கொடுத்ததுல தப்பில்லை, 30 பத்தலைன்னுதான் எனக்குத் தோணுது.

கிட்னி தாங்காதவங்களுக்கு? செட்டுக்சிமாப் விலை அதிகம். ஹெச்பிவி வைரஸால் வரும் தொண்டை கேன்சரில் அது சிஸ்பிளாட்டினைவிடப் பின்தங்கியது. விலை குறைந்த பழைய மருந்தான டோசிடாக்செலை, வாரம் 15 மில்லிகிராமா, சிஸ்பிளாட்டின் தர முடியாத 356 பேரிடம் டாடா மெமோரியல் சோதித்தது. ரேடியேஷன் மட்டும் வாங்கினவங்கள்ல 2 வருஷம் கழிச்சு 41.7 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. டோசிடாக்செலும் சேர்த்தப்போ 50.8. ஆனா வாய்ப்புண்ணும், விழுங்குற கஷ்டமும் கூடும். சாப்பிட முடியாம ரேடியேஷனை நடுவுல நிறுத்தினா கேன்சர் செல்லுக்குத்தான் லாபம். அதனால தாங்கி முடிக்கக்கூடிய மருந்தா இருக்கணும்.

டாக்டர்கிட்ட போகும்போது கிட்னி ரிப்போர்ட்டோட, அவர் பார்க்குற வேலையையும் சொல்லுங்க. டெய்லருக்கு விரல் மரத்துப்போறதும், டீச்சருக்குக் காது மந்தமாறதும் சின்ன பக்கவிளைவு இல்லை. சிஸ்பிளாட்டின்தான்னு முடிவானா, முதல் டோஸுக்கு முன்னாடியே காது டெஸ்ட் கேளுங்க. அப்புறம் எடுத்தா ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.