ஹெலிகொப்டர் கனவுக்கு முன் கருவிப் பறப்பு

வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் ஹெந்தளைக் கடற்கரையிலிருந்து பார்த்தால், கட்டுநாயக்கவில் இறங்கும் விமானங்கள் கடலுக்கு மேலாக ஒரே கோட்டில் வருவது தெரியும். மேகம் தாழ்ந்து தொங்கும் நாளிலும் அந்தக் கோடு மாறுவதில்லை. அப்போது விமானி வெளியே பார்ப்பதை விட்டுவிட்டுக் கருவிகளை நம்பியே பறக்கிறார். இரத்மலானையில் சிறிய செஸ்னா விமானத்தில் பழகித் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெறுபவருக்கு அந்த உரிமை இல்லை. மேகத்துக்குள் போக அவருக்கு ‘இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்’ எனப்படும் கருவிப் பறப்புத் தகுதி வேண்டும். ஆனால் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் பலரின் ஆசை ஹெலிகொப்டரின் பக்கம் திரும்புகிறது. ஆசையில் பிழையில்லை, வரிசைதான் முக்கியம். மேகத்துக்குள் ஒருநாளும் போகப்போவதில்லை என்று உறுதியாக இருப்பவரும் முதலில் கருவிப் பறப்பைப் பழகிவிட்டு ஹெலிகொப்டருக்குப் போவதே நல்லது.

இலங்கையில் விமானி அனுமதிப்பத்திரங்களை வழங்குவது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. அடிப்படை அளவுகோல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்தது. அதன்படி தனியார் அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 17 வயதும் பொதுவாக 40 மணிநேரப் பறப்பும் வேண்டும். அதை வைத்திருப்பவர் கண்பார்வை விதிகளின் கீழ்ப் பறப்பவர். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 5 கிலோமீற்றர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும்; மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீற்றரும் மேல்கீழாக 300 மீற்றரும் விலகியிருக்க வேண்டும். கருவிப் பறப்புத் தகுதிக்கு, தலைமை விமானியாக 50 மணிநேரம் ஊர்விட்டு ஊர் பறந்திருப்பதோடு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்த 40 மணிநேரமும் கணக்கில் இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைத் தரையிலுள்ள சிமுலேட்டரில் முடிக்கலாம். அந்த மணிநேரங்களில் செயற்கை அடிவானம், உயரமானி, வேகமானி, திசைகாட்டி ஆகியவற்றைக் கண் மாறிமாறி வாசிக்கவும், அவை சொல்வதற்கு மாறாக உடல் சொல்வதைப் புறக்கணிக்கவும் பழகுகிறது.

உடலை ஏன் புறக்கணிக்க வேண்டும்? சமநிலையை உணர்த்தும் உட்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம், திருப்பம் தொடங்கும்போது அசைவை அறிவிக்கும். ஒரே சீராகச் சில விநாடிகள் திரும்பிக்கொண்டே இருந்தால் அந்தத் திரவமும் சேர்ந்து சுழலத் தொடங்கி, நேராகப் போவதுபோன்ற உணர்வைத் தரும். வெளியே அடிவானம் தெரிந்தால் கண் இந்தப் பிழையைத் திருத்திவிடும். மேகத்துக்குள் திருத்த ஒன்றுமில்லை. 1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவைத்துப் பார்த்தது. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 விநாடிகள். அதே ஆய்வின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சுருக்கமான பயிற்சிக்குப் பின் அவர்களில் ஏறக்குறைய எல்லோராலும் பத்திரமாகத் திரும்பி வெளியே வர முடிந்தது. குறை பிறவியில் வந்தது. பயிற்சியால் அதைச் சமாளிக்கலாம்.

ஹெலிகொப்டரில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகிறது. சரியாகச் சமன்செய்யப்பட்ட செஸ்னா, கையை எடுத்தாலும் கொஞ்ச நேரம் நேராகப் போகும். தன்னியக்கக் கருவி இல்லாத சிறிய ஹெலிகொப்டரை உள்ளங்கையில் நிறுத்திய கம்பைப்போல ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் திருத்தங்கள் அடிவானத்தைப் பார்த்தே நடக்கின்றன. மேலும் ஹெலிகொப்டர் தாழ்வாக, மலை இடுக்குகளிலும் பள்ளத்தாக்குகளிலும் பறப்பது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன இந்திய விமானப்படையின் எம்ஐ-17 வி5 குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, ஹெலிகொப்டர் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது என்பது விசாரணையின் முடிவு. நுவரெலியாவையும் எல்லவையும் வானிலிருந்து பார்க்க ஆசைப்படுபவர், பிற்பகலில் திடீரெனத் திரளும் இடைப்பருவ மழைமேகங்களுக்கு நடுவில் அதே மாதிரியான மலைகளைத்தான் சந்திக்கப்போகிறார்.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. தகுதி இருந்தவர்களும் விழுந்திருக்கிறார்களே? 2020 ஜனவரி 26 அன்று கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டோடு கலிபோர்னியாவில் விழுந்த சிகோர்ஸ்கி எஸ்-76பி ஹெலிகொப்டரின் விமானி கருவிப் பறப்புத் தகுதி பெற்றவர்தான். மேலே ஏறுகிறேன் என்று அவர் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொன்னபோது ஹெலிகொப்டர் இடப்பக்கம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவருடைய நிறுவனத்துக்குக் கண்பார்வைப் பறப்புக்கு மட்டுமே அனுமதி இருந்தது. கண்பார்வை விதியில் கிளம்பியவர் மேகத்தைக் கண்டும் தொடர்ந்ததே காரணம் என்று விசாரணை கண்டது. நம் மண்ணிலும் 1974 டிசம்பர் 4 அன்று, கட்டுநாயக்கவுக்கு வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்து ஏழு கன்னியர் மலையில் மோதியதில் 191 பேர் இறந்தார்கள். கருவி இருந்தும் தப்பவில்லை. தகுதி என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டிக்குள் வைக்கும் சான்றிதழாக இருக்க முடியாது என்பதே இதன் பொருள். அமெரிக்க விதி, கருவிப் பறப்பு உரிமையைத் தொடர்ந்து பயன்படுத்த, ஆறு மாதத்துக்குள் ஓடுபாதையை நோக்கி ஆறு கருவிவழி அணுகுதல்களாவது செய்திருக்க வேண்டும் என்கிறது. பயிற்சி விட்டுப்போன தகுதி பொய்யான துணிவைத் தரும். தகுதியே இல்லாமை அதைவிட நல்ல காப்பாகிவிடாது.

இன்னொரு ஆட்சேபம் பணம் பற்றியது. தனியார் விமானிகள் பழகும் ரொபின்சன் ஆர்44 போன்ற சிறிய ஹெலிகொப்டர்களுக்குக் கருவிப் பறப்பு அங்கீகாரமே இல்லை. விமானத்தில் பெற்ற தகுதி ஹெலிகொப்டருக்குத் தானாகச் செல்லுபடியாவதும் இல்லை. பின் எதற்குச் செலவு? உரிமை கைமாறாது என்பது உண்மை. கருவிகளை வாசிக்கும் பழக்கமும், உணர்வைச் சந்தேகிக்கும் பழக்கமும் கைமாறும். ஹெலிகொப்டரின் ஒரு மணிநேரம் செஸ்னாவின் ஒரு மணிநேரத்தைவிடப் பலமடங்கு செலவு பிடிப்பது. அந்தப் பழக்கத்தை விலை குறைந்த இடத்தில், பாதியைச் சிமுலேட்டரிலேயே, வாங்கிக்கொள்வதுதான் சிக்கனம். ஹெலிகொப்டர் எங்கும் இறங்குமே, மேகம் வந்தால் ஒரு மைதானத்தில் இறக்கிவிட்டால் போயிற்று என்பாரும் உண்டு. அது உண்மையான அனுகூலம்தான். ஆனால் மைதானம் கண்ணுக்குத் தெரியும்போதே முடிவெடுப்பவருக்கு மட்டுமே அது உதவும். மேகத்துக்குள் தன் உடல் எவ்வளவு உறுதியாகப் பொய் சொல்லும் என்பதைப் பயிற்றுநர் பக்கத்திலிருக்கும்போதே ஒருமுறை அனுபவித்தவர், அந்த முடிவை முன்கூட்டியே எடுப்பார். ஆகவே பயிற்சி நிலையத்தில் ஹெலிகொப்டர் பாடத்தின் கட்டணத்தை விசாரிப்பவர், கருவிப் பறப்புக்கான மணிநேரங்களையும் அதே கணக்கில் முதல் வரியாகச் சேர்த்துக்கொள்ளட்டும். அதற்குப் பணம் போதாவிட்டால் தள்ளிப்போட வேண்டியது ஹெலிகொப்டரைத்தான்.