கூலியும் சட்டமும் – 9: “கார்டு கிடையாது”

பிரிட்டனில் 1966-ல் ஒரு புது வரி வந்தது. வேலைக்கு வைத்திருக்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் வாரம் இவ்வளவு என்று முதலாளி கட்ட வேண்டும். கட்டடக் கம்பெனிகள் கணக்குப் போட்டுப் பார்த்தன. சம்பளப் பட்டியலில் ஆளே இல்லையென்றால் வரியும் இல்லையே! கொத்தனாரும் தச்சரும் சித்தாளும் கூட்டங்கூட்டமாகச் ‘சுயதொழில்’ செய்பவர்கள் ஆனார்கள். பிடித்தம் இல்லாமல் மொத்தமாகக் கையில் காசு. இதற்கு ‘லம்ப்’ என்று பெயர். தொழிலாளிக்கும் இனித்தது, கீழே விழும்வரை.

அப்படிச் சேர்ந்த ஒருவர் தட்டைக் கூரையிலிருந்து சாரப் பலகைகளைக் கீழே வீசிக்கொண்டிருந்தபோது, 15 அடி உயரத்திலிருந்து விழுந்தார். விளிம்பில் தடுப்புக் கம்பி இல்லை. தன் தொழிலாளிக்கு அதைப் போட்டுத் தருவது முதலாளியின் சட்டக் கடமை. “இவர் எங்கள் தொழிலாளியே அல்ல. கார்டு கிடையாது, லம்ப் வேலைதான் என்று சொல்லித்தான் சேர்த்தோம்” என்றது கம்பெனி. கார்டு என்பது தேசியக் காப்பீட்டு அட்டை. சொன்னது பொய்யில்லை. அவரும் ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தார். போதாததற்குப் பொய்ப் பெயர் வேறு கொடுத்திருந்தார்.

1976-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பேச்சை ஒதுக்கிவிட்டு, சைட்டில் நடந்ததைப் பார்த்தது. எந்த வேலையை எங்கே செய்வது என்று சொன்னது கம்பெனியின் மேற்பார்வையாளர். கருவி கம்பெனியுடையது. கூலி மணிக்கணக்கில். வேண்டாமென்றால் நிறுத்தவும் கம்பெனியால் முடியும். இவர் தொழிலாளிதான் என்றார்கள் இரண்டு நீதிபதிகள். 30,000 பவுண்டுக்கு மேற்பட்ட இழப்பீடு நிலைத்தது. மூன்றாமவரான லாட்டன் உடன்படவில்லை. வரியில் ஆதாயம் பார்த்துவிட்டு, அடிபட்டதும் கட்சி மாறலாமா என்பது அவர் வாதம். சுலபமாகத் தள்ளிவிடக் கூடிய வாதமில்லை. ஆனாலும் வேலை கேட்டு வந்து நிற்பவர் என்ன பேரம் பேசியிருக்க முடியும்? நான் அந்த இருவர் பக்கம்.

சீருடையை வைத்தும் முடிவு கட்ட முடியாது. 1968 வழக்கில் ஒரு கான்கிரீட் லாரிக்காரர் கம்பெனிச் சீருடைதான் போட்டிருந்தார். லாரிக்கும் கம்பெனியின் நிறம். ஆனால் லாரி அவரே தவணையில் வாங்கியது, செலவெல்லாம் அவர் தலையில், தனக்குப் பதில் வேறு டிரைவரை அனுப்பலாம். அவர் ஒப்பந்தக்காரர் என்று தீர்ப்பானது. 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த, ‘பிம்லிகோ பிளம்பர்ஸ்’ கம்பெனியின் பிளம்பருக்கும் சீருடை, கம்பெனி வேன். வரியை அவரே கட்டினார். ஆனால் பதிலாள் அனுப்புவதானால் அதே கம்பெனியின் ஆளைத்தான் அனுப்ப முடியும். ஆகவே அவர் தொழிலாளிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடைப்பட்ட ‘வொர்க்கர்’ என்ற வகையில் சேர்ந்தார்; விடுமுறைச் சம்பளம் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

இன்றும் பிரிட்டன் கட்டடத் துறையில் துணை ஒப்பந்தக்காரரின் கூலியில் 20 சதவீதம், பதிவு செய்யாதவர் என்றால் 30 சதவீதம், வரிக்காகப் பிடிக்கிறார்கள். அந்தப் பிடித்தம் மட்டுமே யாரையும் சுயதொழில் செய்பவராக ஆக்கிவிடாது. லண்டனில் கட்டட வேலை பார்க்கும் சொந்தக்காரர் இருந்தால், யார் சொல்லி, யார் கருவியில், எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதை அன்றன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.